விடிகாலை நாலு மணிக்கு நின்றுபோகும் பர்னர்

கேள்வி: வணக்கம் சார். மாசசூசெட்ஸில் வூஸ்டர் பக்கம், 1962-இல் கட்டிய வீடு ஒன்றைப் போன கோடையில் வாங்கினோம். பேஸ்மென்டில் எண்ணெயில் ஓடும் பழைய பாய்லர். தகட்டில் 1984 என்று இருக்கிறது. குளிக்க வெந்நீரும் அதிலிருந்துதான். எண்ணெய் டேங்க் வெளியே, கராஜுக்குப் பின்னால். டிசம்பர் நடுவிலிருந்து, குளிர் கடுமையாக இருக்கும் நாள்களில் விடிகாலை நாலு, நாலரைக்கு பர்னர் நின்றுவிடுகிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் குபீரென்ற சத்தத்தோடு பிடிக்கிறது. ஒரு நாள் நாலு தடவை அழுத்தவேண்டியிருந்தது. அன்று வந்த சத்தத்தில் வீடே அதிர்ந்தது. புகைக்குழாயில் ஆடிக்கொண்டிருக்கும் தகர மடலைச் சுற்றிக் கரி. என் கணவர் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, காற்று போகும் வளையத்தைக் கொஞ்சம் திறந்து வைத்தார். கரி குறைந்தது, ஆனால் எண்ணெய் முன்பைவிட வேகமாகத் தீர்கிறது. ஜனவரியில் வந்த டெக்னீஷியன் ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுத்து, "பாய்லரையே மாற்றிவிடுங்கள், இது தேறாது" என்றார். எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். உண்மையிலேயே தேறாதா? நாங்களே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் பாய்லருக்கு நேர் மேலே உள்ள அறையில் படுக்கிறார். காலையில் எழுந்தால் தலைவலி என்கிறார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாமியாரின் தலைவலியைக் குளிரின் மேல் போட்டுவிடாதீர்கள். சரியாக எரியாத பர்னர் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பாய்லருக்கு மேல் அறையில் படுப்பவருக்கு விடிந்ததும் தலை வலிக்கிறது என்றால், அது அந்த வாயுதான் என்று வைத்துக்கொண்டே நடக்கவேண்டும். அப்படி இல்லை என்று மீட்டர் சொல்லட்டும். பேஸ்மென்ட் படிக்கட்டின் மேல்முனையில் சிவப்புத் தகடு போட்ட சுவிட்ச் ஒன்று இருக்கும். அதை அணைத்துவிட்டு, எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து 911-ஐ அழையுங்கள். தீயணைப்புத் துறையினர் மீட்டரோடு வந்து அறை அறையாக அளப்பார்கள். தலைவலிக்குப் போய் தீயணைப்பு வண்டியா என்று கூச்சப்படவேண்டாம். இந்த ஊர்க் குளிர்காலத்தில் அவர்களுக்கு இது வாடிக்கையான வேலை. மாமியாரை அன்றே மருத்துவமனையில் காட்டி, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

"அலாரம் இருக்கிறது, அது அடிக்கவில்லையே" என்று தோன்றும். வீட்டு அலாரம் பெரிய ஆபத்துக்குக் கூவுவதற்காக வைத்தது. காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு இருந்தால்கூட ஒரு மணி நேரம் முதல் நாலு மணி நேரம் வரை பொறுத்துத்தான் கூவும். 30 பங்கு இருந்தால் வாய் திறக்காது. வயதானவர், அதுவும் இரவெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர், அதற்கு முன்பே வாடிப்போவார். அலாரத்தின் பின்புறம் தேதி அச்சிட்டிருக்கும், காலாவதியாகியிருந்தால் மாற்றுங்கள். 2005 ஜனவரியில் பிளிமத் ஊரில் பனி குவிந்து ஒரு வீட்டின் புகைவாய் அடைபட்டு ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். அதற்குப் பிறகு 2006 மார்ச் முதல் இந்த மாநிலத்தில் வீடுகளில் இந்த அலாரம் கட்டாயம். சட்டத்துக்கே அந்தக் குழந்தையின் பெயர்தான்.

பர்னரை அணைத்தால் வீடு சில்லிட்டுப்போகும், தெரியும். ஒன்றிரண்டு மின் ஹீட்டர்களை வைத்து ஓட்டுங்கள், நீட்டிப்பு வயரில் சொருகாமல் நேராகச் சுவர் பிளக்கில். குழாய் உறையாமல் இருக்க வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களில் நூலாகத் தண்ணீரை ஓடவிடுங்கள். கேஸ் அடுப்பையோ கேஸ் ஓவனையோ எரியவிட்டுக் குளிர்காயாதீர்கள், அதுவும் இதே வாயுவைத்தான் தரும்.

அடுத்தது சிவப்புப் பொத்தான். அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் கணவர் இனி அந்தப் பக்கமே போகமாட்டார். பர்னரின் தலையில் உள்ள பெட்டிக்கு ஒரு கண் உண்டு. கேட் செல் என்பார்கள். சுண்டுவிரல் நுனியளவு இருக்கும், சுடரின் வெளிச்சம் படும்படி பர்னர் குழாய்க்குள் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை விழுந்துவிடும். நல்ல சுடர் என்றால் ஆயிரம் ஓமுக்கும் கீழே, 1600-ஐத் தாண்டினால் பெட்டி "தீ இல்லை" என்று முடிவுகட்டும். எண்ணெய் தெளிக்கத் தொடங்கிக் குறிப்பிட்ட நேரத்துக்குள் தீ தெரியவில்லை என்றால் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். படத்தில் தெரிகிற உங்கள் பெட்டி பழையது, 45 விநாடி காத்திருக்கிற வகை. புதியவை 15 விநாடிதான் காக்கும். உங்கள் நாஸில், அதாவது எண்ணெயைத் தெளிக்கும் முனை, மணிக்கு 1.25 கேலன். கணக்குப் போட்டால் 45 விநாடியில் சுமார் 60 மில்லி எண்ணெய். நாலு தடவை அழுத்தினால் ஒரு டம்ளர் நிறைய எண்ணெய், எரியாமல், சூடான அறைக்குள் ஆவியாகிக்கொண்டு கிடக்கிறது. ஐந்தாவது பொறி அதன்மேல் விழுகிறது. வீடு அதிர்ந்தது அதனால்தான்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போனேன். ராத்திரி முழுக்க அழுத்தியிருக்கிறார்கள். புகைக்குழாய் மூட்டு கழன்று தரையில் கிடந்தது. மாடிப் படுக்கையறைக் கூரையின் மூலைகளில் கருப்பு ஒட்டடை நூல்நூலாகத் தொங்கியது. சிலந்திவலை என்று நினைத்துக் கைவைத்தேன், விரலில் மையாக ஒட்டிக்கொண்டது. அலமாரிக்குள் மடித்து வைத்திருந்த துணியின் மடிப்புக்குள்ளும் அதே கரி. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் ஆறுதல். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுத்தான் வருவேன். ஒரே ஒரு தடவை. பிடிக்கவில்லை என்றாலும், பிடித்து மறுபடி நின்றாலும், சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடவேண்டும். உங்கள் வீட்டில் இப்போதைக்கு அந்த ஒரு தடவையும் வேண்டாம். அறைக்குள் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இனி தீ மூட்டவேண்டும்.

சரி, ஏன் கடுங்குளிர் நாளில் மட்டும்? ஏன் நாலு மணிக்கு? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. டேங்க் வெளியே, அதுவும் கராஜின் பின்புறம், வெயில் படாத இடத்தில். இங்கே வீட்டுக்கு ஊற்றுவது இரண்டாம் நம்பர் எண்ணெய், குணத்தில் டீசல் மாதிரி. குளிரக் குளிரக் கெட்டியாகும். இன்னும் இறங்கினால் அதிலுள்ள மெழுகு கண்ணுக்குத் தெரியும்படி உறைந்து மேகம்போல் கலங்கும். மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டிலைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே சமாசாரம்தான். ராத்திரி தெர்மோஸ்டாட்டை இறக்கி வைத்து விடிகாலையில் ஏற்றுகிறீர்கள் என்று எழுதியிருந்த குறிப்பையும் பார்த்தேன். நாலு மணிக்கு வீடு சூடு கேட்கிறது, பர்னர் நீண்ட நேரம் ஓடுகிறது. முதலில் எரிவது பேஸ்மென்டுக்குள் குழாயில் கிடந்து அறைச் சூடு ஏறிய எண்ணெய். இருபது அடி செப்புக் குழாயில் நிற்பது 300 மில்லி அளவுக்குத்தான். நாலு நிமிஷத்தில் அது தீர்ந்துவிடும். பிறகு வருவது ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற எண்ணெய். ஓடிக்கொண்டிருக்கும் தீ அதை எப்படியோ சமாளித்துவிடும். நின்று, மறுபடி பற்றவேண்டிய நேரத்தில்தான் தடுமாறுகிறது.

இங்கே பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிற ஒன்று உண்டு. கெட்டியான எண்ணெய் என்றால் நாஸில் வழியாகக் குறைவாக வரும் என்று நினைப்போம். உண்மையில் கூடுதலாக வரும். நாஸிலுக்குள் நுண்ணிய சாய்ந்த பள்ளங்கள் உண்டு, எண்ணெய் அவற்றின் வழியே புகுந்து சுழன்று சுழன்று வெளியேறவேண்டும். சுழற்சியால் துளையின் நடுவில் காற்றுக்கு ஒரு பொந்து உண்டாகும், எண்ணெய் அதன் ஓரமாகத்தான் மெல்லிய ஏடாக வரும், வந்ததும் தூளாக உடையும். கெட்டி எண்ணெய் மெதுவாகச் சுழலும், பொந்து சுருங்கும், ஏடு தடிக்கும். ஆக, எண்ணெயும் கூடுதல், துளியும் பெரிசு. பெரிய துளி சட்டென்று பற்றாது. பற்றாமல் சில விநாடி சேர்ந்து, பிறகு ஒன்றாகப் பற்றும்போதுதான் அந்தக் குபீர். குபீரென்ற அழுத்தத்தில் புகை பின்னால் தள்ளி, தகர மடலின் ஓரமாக வெளியே துப்புகிறது. நீங்கள் பார்த்த கரி அதுதான். அதே கரி கேட் செல் கண்ணாடியிலும் படியும். பிறகு தீ எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, பெட்டி நிறுத்திவிடும்.

உங்கள் கணவர் காற்றைத் திறந்தது எங்கே போய் முடிந்தது என்று இப்போது புரியும். கரி வருகிறது, காற்றுப் போதவில்லை, திறப்போம் என்பது இயல்பான யோசனைதான், அவர்மேல் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. கரியை உண்டாக்கிய காரணம் அப்படியே இருக்க, அதிகக் காற்று கரியை மறைத்தது. அதிகமாக உள்ளே போன குளிர்க் காற்று பொறியை இன்னும் சிரமப்படுத்தியது, எரிந்த தீயைக் குளிரவைத்தது, வீட்டுக்கு வரவேண்டிய சூட்டைத் தூக்கிக்கொண்டு சிம்னி வழியாகப் போனது. எண்ணெய் வேகமாகத் தீர்வது அதனால்தான்.

இதற்குச் சாட்சி அந்த ஜனவரிச் சீட்டிலேயே இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு 8 சதவீதம், அறைச் சூட்டைக் கழித்த புகைச்சூடு 550 பாரன்ஹீட். உங்கள் பர்னர், சுடரைத் தலையருகே பிடித்து நிறுத்துகிற நவீன வகை. அதில் 11-இலிருந்து 12.5 வரை வரவேண்டும், புகைச்சூடு 400-ஐ ஒட்டி இருக்கவேண்டும். 8-உம் 550-உம் என்றால் நூறு ரூபாய் எண்ணெயில் 75 ரூபாய்க்கும் குறைவாகத்தான் வீட்டுக்கு வருகிறது. 12-உம் 400-உம் என்றால் 83 ரூபாய் அளவுக்கு வரும். அந்த வித்தியாசம் உங்கள் எண்ணெய்ச் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்கு. இதை வைத்துக்கொண்டு "பாய்லர் தேறாது" என்று எப்படிச் சொல்லமுடியும்? அந்த எண் பாய்லரைப் பற்றிச் சொல்லவில்லை, கரி படிந்த பாய்லரில் தவறாகத் திருப்பி வைத்த காற்றைப் பற்றிச் சொல்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். சீட்டில் "புகை" என்ற கட்டமும், சிம்னி புகையை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று சொல்கிற "இழுவை" என்ற கட்டமும் காலி. இரண்டையும் அளக்காமல் காற்றைப் பற்றிப் பேசவே கூடாது. எனக்கு மனவருத்தம் தருவது இதுதான். மீட்டரைச் சொருகி அச்சடித்துக் கொடுக்க இரண்டு நிமிஷம் போதும், புகைத்தாளும் இழுவைமானியும் எடுக்க இன்னும் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே வேலை எந்த வரிசையில் நடக்கவேண்டும் என்று எழுதுகிறேன். இது நீங்கள் செய்வதற்கல்ல. இந்த மாநிலத்தில் எண்ணெய் பர்னரில் கைவைக்க மாநிலத் தீயணைப்புத் துறை தருகிற சான்றிதழ் வேண்டும், அதை வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். வருகிறவர் இந்த வரிசையில் போகிறாரா என்று நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்பவர் வேண்டாம்.

முதலில் சுத்தம். பாய்லரைத் திறந்து, வார்ப்பிரும்புத் துண்டுகளுக்கு இடையில் தூரிகை விட்டு, கரியை வேக்குவமில் உறிஞ்சவேண்டும். புகைக்குழாயும் சிம்னியின் அடியும் அப்படியே. தீ எரியும் அறையின் உள்விரிப்பு நொறுங்கியிருக்கிறதா, எண்ணெய் ஊறியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கவேண்டும், ஊறியிருந்தால் மாற்றவேண்டும். கதவு மூட்டில் கயிறு போயிருந்தால் அதையும். ஒரு எச்சரிக்கை: 1962 வீடு என்பதால் பழைய குழாய் முழங்கைகளில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி ஏதாவது இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். யாரும் சுரண்டவோ, பெருக்கவோ கூடாது.

இரண்டாவது, எண்ணெய் வரும் வழி. பம்பில் வேக்குவம் மானியைப் பூட்டவேண்டும். உங்களுடையது ஒற்றைக் குழாய் அமைப்பு. ஆறு அங்குலப் பாதரசத்துக்கு மேல் இழுத்தால் எங்கேயோ அடைப்பு. ஃபில்டரா, மெழுகா, நசுங்கிய குழாயா என்று தேடவேண்டும். அடைப்பு இல்லாமல் குமிழி வந்தால் எங்கேயோ காற்று உள்ளே போகிறது. செப்புக் குழாயின் வாயை விரித்துப் பூட்டுகிற ஃப்ளேர் மூட்டு அல்லாமல், வளையம் நசுக்கிப் பிடிக்கிற கம்ப்ரெஷன் மூட்டை யாராவது போட்டிருந்தால் பிடுங்கி எறியச் சொல்லுங்கள், எண்ணெய்க் குழாயில் அது அனுமதியில்லை. குமிழி இன்னொரு தொல்லையும் தரும். பர்னர் நின்ற பிறகு நாஸில் குழாயில் சிக்கிய காற்று விரிந்து, சொட்டுச் சொட்டாக எண்ணெயை அறைக்குள் தள்ளும். மண்ணெண்ணெய் மாதிரி நாற்றம் வருகிறது என்று படத்தின் அடியில் குறித்திருக்கிறீர்கள், பாதிக் காரணம் அதுவாக இருக்கக்கூடும். டேங்கின் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று, கோலில் பசை தடவி விட்டுப் பார்ப்பார்கள். நிறம் மாறினால் தண்ணீர்.

மூன்றாவது, நாஸிலும் பொறியும். இதில்தான் நம் ஊர்ப் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பம்பு ஸ்டவ் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தீ மஞ்சளானால் பின் எடுத்துத் துளையில் குத்துவோம், நீலமாகிவிடும். போன வருஷம் ஒரு நண்பர், நாஸிலைக் கழற்றி அதே மாதிரி குண்டூசியால் குத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். துளையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல், அவ்வளவுதான். சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அறைச் சுவரில் மோதி, ஒரே வாரத்தில் அப்பமாகக் கரி கட்டியிருந்தது. நாஸிலைக் குத்தக்கூடாது, துடைக்கவும் கூடாது, வருஷத்துக்கு ஒன்று புதிதாகப் போடவேண்டும். விலை சொற்பம். இந்தத் தீ நீலமாகவும் இருக்கவேண்டியதில்லை. நன்றாக எரியும் எண்ணெய்த் தீ பளீரென்ற மஞ்சளாகத்தான் இருக்கும். கண்ணால் பார்த்து யாரும் சுருதி சேர்க்கமுடியாது.

உங்கள் நாஸில் 1.25. பாய்லர் தகட்டில் 1.00-இலிருந்து 1.35 வரை அனுமதி என்று படத்தில் தெளிவாகத் தெரிகிறது. 1500 சதுர அடி வீட்டுக்கு 1.25 தேவையே இல்லை, வெந்நீருக்காக யாரோ பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நான் அங்கே வந்தால், பம்ப் தாங்கும் வகைதான் என்று பார்த்துக்கொண்டு, அழுத்தத்தை 100-இலிருந்து 140 பி.எஸ்.ஐ.-க்கு ஏற்றி 0.85 நாஸில் போடுவேன். அழுத்தம் ஏறினால் ஓட்டமும் அதன் வர்க்கமூல விகிதத்தில் ஏறும். 0.85 அங்கே மணிக்கு ஒரு கேலன் தரும், தகட்டின் கீழ் எல்லையைச் சரியாகத் தொடும். அழுத்தம் கூடியதால் துளி பொடியாகும். குளிர் எண்ணெய்க்கு அதுதான் மருந்து. தெளிக்கும் கோணமும் விதமும் பாய்லர் தயாரிப்பாளர் சொன்னபடிதான் இருக்கவேண்டும், கடையில் கிடைத்தது ஆகாது. ஷவரில் வெந்நீர் கொஞ்சம் குறையலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் குளிக்காமல் இருந்தால் தெரியாது.

பொறி வரும் இரண்டு எலெக்ட்ரோடு முனைகளுக்கும் இடைவெளி உங்கள் வகையில் 5/32 அங்குலம், சுமார் 4 மில்லிமீட்டர். அதை அளவுகோல் வைத்துத்தான் சரிபார்க்கவேண்டும். பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தாலும் பொறி அந்த வழியே ஓடிவிடும். கேட் செல்லைத் துடைத்து, மின்தடையைத் தீயிலும் இருட்டிலும் அளந்து எழுதவேண்டும். அந்த 45 விநாடிப் பெட்டியை மாற்றி 15 விநாடிப் பெட்டி போடச் சொல்லுங்கள். செலவழிக்கிற காசில் மிக நல்ல காசு அதுதான். எண்ணெயைத் தாமதமாகத் திறந்து சட்டென்று அடைக்கும் வால்வு உள்ள பம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது. தீ நிற்கும்போது சொட்டாது.

நாலாவது இழுவை. சிம்னி வெளிச்சுவரில் இருப்பதால் குளிர்ந்த காலையில் இழுக்க மறுக்கும். பர்னர் பத்து, பதினைந்து நிமிஷம் ஓடிச் சூடேறிய பிறகு, தீயின் மேலே அளந்தால் கழித்தல் 0.02 அங்குல நீர் அளவு வேண்டும். தகர மடலின் எடையைத் திருகி அங்கே கொண்டுவரவேண்டும். பேஸ்மென்டுக்குள் வெளிக்காற்று வர வழி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ட்ரையரும் சமையலறை ஃபேனும் ஓடும்போது புகை திரும்பி வருகிறதா என்று இரண்டையும் போட்டுவிட்டே சோதிக்கவேண்டும். மாமியாரின் தலைவலிக்கு அங்கேயும் காரணம் இருக்கலாம்.

இவ்வளவும் ஆன பிறகுதான், கடைசியாகத்தான், காற்று வளையம். மடலுக்கு முன்னால், பாய்லர் பக்கமாகப் புகைக்குழாயில் சிறு துளை போட்டு, கைப் பம்பால் பத்து இழுப்பு இழுத்தால் வெள்ளைத் தாளில் ஒரு வட்டம் விழும். அதை 0 முதல் 9 வரை உள்ள அட்டையோடு ஒப்பிடுவார்கள். வட்டத்தில் சாம்பல் நிழல் இலேசாகத் தட்டும்வரை காற்றைக் குறைக்கவேண்டும். அந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடு 13.5 என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து காற்றைத் திறந்துகொண்டே போய், 12-க்கு அல்லது அதற்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்தித் தாளை மறுபடி எடுத்தால் பளிச்சென்ற வெள்ளை வரவேண்டும். அந்த ஒன்றரைப் புள்ளிதான் குளிருக்கும் தூசிக்கும் விட்டு வைக்கிற இடம். கார்பன் மோனாக்சைடையும் அப்போதே அளந்து எழுதவேண்டும். வேலை முடிந்ததும் வளையத்தின் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கோட்டை இனி வீட்டில் யாரும் நகர்த்தக்கூடாது.

டேங்க் வெளியே இருக்கும்வரை அடுத்த ஜனவரியிலும் குளிர் எண்ணெய் வரத்தான் செய்யும். எண்ணெய்க் கம்பெனியிடம் நவம்பரிலேயே மண்ணெண்ணெய் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். வெளி டேங்க் என்றால் அவர்களுக்கே தெரியும். கேலனுக்கு விலை கூடுதல், சூடும் கொஞ்சம் குறைவு, இருந்தாலும் பற்றாத எண்ணெயைவிட மேல். எண்ணெய்க் குழாயில் பேஸ்மென்டுக்குள் காற்று பிரிக்கும் சாதனம் ஒன்று பூட்டலாம். பம்பிலிருந்து திரும்பும் எண்ணெய் அதில் சுற்றிச் சுற்றி வருவதால் குளிரும் தணியும், குமிழியும் போகும். முடிந்தால் டேங்கையே உள்ளே கொண்டுவருவது நிரந்தரத் தீர்வு. அப்படியே குழாயையும் பாருங்கள். 2011 செப்டம்பர் இறுதியிலிருந்து இங்கே எண்ணெய்க் குழாய்க்கு உறையோ, டேங்கிலோ பர்னரிலோ பாதுகாப்பு வால்வோ இருக்கவேண்டும் என்பது சட்டம். கசிந்து மண்ணில் இறங்கினால் ஆகிற செலவு பாய்லர் விலையைவிடப் பெரிசு.

மாற்றவேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். வார்ப்பிரும்பு விரிசல் விட்டு நீர் கசிந்தால், மாற்றித்தான் ஆகவேண்டும். சுத்தம் செய்து சுருதி சேர்த்த பிறகும் புகைச்சூடு இறங்கவில்லை என்றாலும் யோசிக்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம். கந்தகம் குறைந்த எண்ணெய் 2018 ஜூலையிலிருந்து இந்த மாநிலத்தில் கட்டாயமாகிவிட்டதால், பழைய பாய்லர்கள் முன்புபோல் சீக்கிரம் பொருக்குக் கட்டுவதில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் இன்னும் சில குளிர்காலம் ஓடும். வெளிக்காற்றிலிருந்து சூட்டை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் நல்ல யோசனைதான், ஆனால் பனியில் பதறிக்கொண்டு எடுக்கிற முடிவல்ல. உங்கள் சுவரோரத் தகட்டு ஹீட்டர்கள் 180 பாரன்ஹீட் தண்ணீருக்காகப் போட்டவை, அந்தச் சூட்டை ஹீட் பம்ப் எளிதில் தராது, வேறு அமைப்பு வேண்டியிருக்கும். மாஸ் சேவ் என்ற இந்த மாநில எரிசக்திச் சேமிப்புத் திட்டத்தில் வீட்டைக் கட்டணமில்லாமல் சோதித்துச் சொல்வார்கள். வசந்தத்தில் கூப்பிட்டு, முதலில் மேற்கூரைப் பஞ்சையும் ஜன்னல் இடுக்குகளையும் சரி செய்துகொள்ளுங்கள். எதை வாங்கினாலும் அளவு அதற்குப் பிறகுதான் தெரியும்.

நீங்களே செய்யக்கூடியது என்ன என்று கேட்டீர்கள். ஒரு நோட்டில் தேதி, பர்னர் நின்ற நேரம், வெளியே எத்தனை டிகிரி, கடைசியாக எண்ணெய் ஊற்றியது எப்போது என்று எழுதி வையுங்கள். வருகிறவருக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும். டேங்கின் மேலே உள்ள காற்றுக்குழாய் மூடியில் பனி அடைத்திருந்தால் தட்டிவிடுங்கள், அது அடைத்தாலும் பர்னர் எண்ணெய் கிடைக்காமல் திணறும். பாய்லரைச் சுற்றி மூன்றடிக்குப் பெட்டி, துணி எதுவும் வேண்டாம். புதிய அலாரம் ஒன்று வாங்கி மாமியார் அறை வாசலில் மாட்டுங்கள். எண் காட்டுகிற திரை உள்ளதாக வாங்கினால், அது கூவுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தீயணைப்புத் துறையினர் என்ன அளந்தார்கள், மாமியார் எப்படி இருக்கிறார் என்று முதலில் ஒரு வரி எழுதிப் போடுங்கள். பாய்லர் வேலை முடிந்த பிறகு புதுச் சீட்டையும் படமெடுத்து அனுப்புங்கள், புகை, இழுவை இரண்டு கட்டங்களிலும் எண் எழுதிய சீட்டாக.